அம்பலம் ஏறாத சொல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் உம்மா பதினொரு நாட்கள் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் கிடந்தார். நீரிழிவு நோயாளி, காலில் ஆறாத புண். நான்காம் நாள் மாலை ஆறரை மணிக்கு அவருக்குரிய இன்சுலின் ஊசியைப் பகல்முறைத் தாதி போட்டார். போட்டதைப் பதிவுத்தாளில் குறிக்கப் பேனாவை எடுத்த வேளையில், விடுதியின் மறுகோடியில் ஒரு நோயாளி நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். தாதி ஓடினார். ஏழு மணிக்கு முறை மாறியது. உம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டே அவர் போனார். அதைக் கேட்டுக்கொண்டவரோ பத்து நிமிடங்களில் வேறொரு விடுதிக்கு அழைக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர், பயிற்சியை முடித்து முதல் நியமனம் பெற்றிருந்த ஒரு சிங்கள இளம்பெண். பதிவுத்தாளைப் பார்த்தார், அது வெறுமையாக இருந்தது. எட்டு மணிக்கு ஊசியோடு வந்தார்.

"ஊசி போட்டாச்சி மகள்" என்றார் உம்மா. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்த சில தமிழ்ச் சொற்களில் 'ஊசி' என்பதும் ஒன்று. புன்னகையோடு தலையசைத்து, இரண்டாவது முறையும் போட்டார்.

துணைக்கு நின்ற என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பியபோது, உம்மா வியர்வையில் நனைந்து, நாக்குழறி, பெற்ற மகளையே யாரென்று கேட்டிருக்கிறார். நல்லவேளையாக, உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், உயிர் தப்பியது. அன்றிரவு விடியும்வரை அந்தச் சிங்களப் பிள்ளை கட்டிலருகே நின்று அழுததைத் தங்கை இன்றும் சொல்லுவாள். சில நாட்களில் விளக்கம் கோரும் கடிதமொன்று வந்தது. அது யாருக்கு வந்தது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்குத்தான்.

நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அன்றிரவு எத்தனை தாதியர் இருந்தனர் என்று எவரும் விளக்கம் கோரவில்லை. முறைமாற்றத்துக்கென்று அமைதியான கால்மணி நேரம் ஏன் ஒதுக்கப்படவில்லை என்று எவரும் கேட்கவில்லை. தமிழ் பேசும் நோயாளியின் வாக்கைப் புரிந்துகொள்ள ஒரு தாதிக்கு அரசு என்ன வசதி செய்து கொடுத்தது என்ற வினா எழவேயில்லை. மூன்று தாதியர்க்கிடையே ஒரு சொல் தவறி விழுந்தது. விழுந்த சொல்லின் பழி கடைசியாக நின்றவரின் தலையில் ஏற்றப்பட்டது.

இதனை நான் ஊரில் எடுத்துச் சொன்னபோது இருவகையான பதில்கள் கிடைத்தன. "எல்லாவற்றையும் கணினிமயமாக்கிவிட்டால் தீர்ந்தது; தாதி ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு கருவியைக் கொடுத்துவிடுங்கள்" என்பது ஒரு சாராரின் வாதம். "கடன்பட்டு நிற்கும் ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு? மாத்திரை வாங்கவே வழியில்லை" என்பது மற்றொரு சாராரின் வாதம். முன்னவர் முற்போக்காளர் போலவும், பின்னவர் யதார்த்தவாதிகள் போலவும் தோன்றுவர். உண்மையில் இரு சாராரும் ஒரே தவறையே செய்கின்றனர். இருவரும் கருவியைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றித் தாதியைப் பற்றிப் பேசவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம்மவர் கண்ட உண்மை. வைத்தியசாலை என்னும் அம்பலத்தில் தாதியின் சொல் ஏறுவதில்லை. அச்சொல்லை ஏற்றிவைக்காத எந்தக் கருவியும் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளேயாகும். ஏற்றிவைக்கும் கருவி எதுவாயினும் அது நமக்கு அவசியமானதே. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

தாதியர்க்கிடையே செய்தி பரிமாறக் கருவி வேண்டும் என்ற எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. 1853 ஆம் ஆண்டிலேயே, கிரிமியப் போர்க்களத்துக்குச் செல்லுமுன்னர், லண்டன் ஹார்லி வீதியிலிருந்த சிறியதொரு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் சில நிபந்தனைகளை விதித்தார். ஒவ்வொரு மாடியிலும் நோயாளிகளின் அழைப்பு மணிகள் அந்த மாடித் தாதியின் அறை வாசலிலேயே ஒலிக்கவேண்டும். அழைத்தவர் யாரென்று தாதி வந்து பார்க்கும்வரை, ஒலித்த மணியின் மூடி திறந்தபடியே நிற்கவேண்டும். வெந்நீர் குழாய் வழியே மாடிக்கு வரவேண்டும். உணவை மேலே ஏற்ற ஒரு தூக்குப்பொறி வேண்டும். தாதியின் நாள் படியேறி இறங்குவதிலேயே கழிந்துவிடலாகாது என்பதே அவரது எண்ணம். மின்சாரம் வைத்தியசாலையை எட்டாத காலத்தில் எழுந்த கோரிக்கை இது. இதில் நாம் கவனிக்கவேண்டியது மணியை மட்டுமன்று. மணி எங்கே ஒலிக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்து நிற்கவேண்டும் என்பதை வேலையை அறிந்த பெண்ணொருத்தி தீர்மானித்தாள் என்பதையே முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

அதன்பின் கருவிகள் பெருகின. தீர்மானிக்கும் உரிமையோ தாதியின் கையைவிட்டு நழுவியது. செல்வந்த நாடுகளில் கட்டிலுக்குக் கட்டில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் பொறிகள் பொருத்தப்பட்டன. இதயம் சற்று விரைந்தால் ஓர் ஒலி; மருந்துநீர் முடிந்தால் ஓர் ஒலி; நோயாளி புரண்டு படுத்துக் கம்பி நழுவினாலும் ஓர் ஒலி. பொய்யொலிகளுக்கிடையே மெய்யொலி அமிழ்ந்தது. இடைவிடாது ஒலிக்கும் மணியைக் காது நாளடைவில் கேளாது என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டு ஆணையம் 2013 இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை இத்தகைய ஒலிகளோடு தொடர்புடையனவாக 98 சம்பவங்கள் அறிவிக்கப்பட்டதாகவும், அவற்றுள் 80 மரணத்தில் முடிந்ததாகவும் கூறியது. அறிவிக்கப்படாதவை எத்தனையோ! பொறியின் ஒவ்வோர் ஓசைக்கும் ஓடுமாறு தாதி பணிக்கப்பட்டாள். எந்த ஓசை தேவை, எது தேவையற்றது என்று கூறும் அதிகாரம் அவளிடம் இல்லை.

அதே அமெரிக்காவில் மற்றொரு காட்சியையும் பாருங்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெரிய மருத்துவமனையான சீடார்ஸ்-சைனாயில் மருந்துக் கட்டளைகளைக் கணினியில் பதியும் முறையொன்று பெரும் பொருட்செலவில் கொண்டுவரப்பட்டது. வேலை தாமதமாகிறது, நோயாளிக்கு ஆபத்து என்று நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் எதிர்த்தனர். 2003 இன் தொடக்கத்தில், சில மாதங்களுக்குள்ளேயே அது நிறுத்தப்பட்டது. வைத்தியர்கள் எதிர்த்தது தவறென்று நான் கூறவில்லை. இதே முறைப்பாட்டைத் தாதியர் எழுப்பியிருந்தால் எத்தனை மாதங்களில் நிறுத்தியிருப்பார்கள் என்றே கேட்கிறேன். விடையை நம் ஊர் மிஸ்ஸிமார் எவரிடம் கேட்டாலும் சொல்லுவர்.

அப்படியாயின் சொல்லை அம்பலம் ஏற்றும் வழிதான் என்ன? அதற்கும் உலகில் சான்றுகள் உண்டு. அவற்றுட் சில செலவில்லாதவை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த ஒரு பேச்சுமுறையை, கைசர் பெர்மனென்ரே என்ற நிறுவனத்தின் வைத்தியசாலைகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது நான்கு தலைப்புகளில் சொல்லவேண்டும்: இப்போதைய நிலைமை, பின்னணி, சொல்பவரின் மதிப்பீடு, செய்யவேண்டியது பற்றிய பரிந்துரை. முதலிரண்டும் எந்தத் தாதியும் நெடுங்காலமாகச் சொல்லி வந்தவைதாம். பின்னிரண்டிலேதான் புதுமை உள்ளது. "இவருக்கு உள்ளே இரத்தம் கசிகிறது என எண்ணுகிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்கவேண்டும்" என்று நள்ளிரவில் வைத்தியரிடம் கூறுவதற்கு அம்முறை தாதிக்கு உரிமை அளிக்கிறது. கெஞ்சலாகவோ குறிப்பாகவோ அன்றி, கடமையாகவே அவள் அதைக் கூறுகிறாள். ஒரு சிறிய அட்டையில் அச்சிடக்கூடிய இந்த நான்கு தலைப்புகளையும் தொழில்நுட்பம் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

முறைமாற்றத்தைச் செம்மைப்படுத்தினால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு மற்றொரு சான்று. வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில், பயிற்சி வைத்தியர்கள் நோயாளிகளைக் கையளிக்கும் முறை திருத்தி அமைக்கப்பட்டது. சொல்லவேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு, எழுத்துக் குறிப்பு, கேட்டவர் திரும்பச் சொல்லுதல், மூத்தோரின் மேற்பார்வை ஆகியவையே மாற்றங்கள். 2014 இல் வெளிவந்த முடிவுகளின்படி மருத்துவத் தவறுகள் நூற்றுக்கு 23 வீதத்தாலும், தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் நூற்றுக்கு 30 வீதத்தாலும் குறைந்தன. இது வைத்தியரிடையே நிகழ்ந்த ஆய்வுதான். எனினும் தவறி விழும் சொல் வைத்தியருடையதாயினும் தாதியினுடையதாயினும் வீழ்ச்சி ஒன்றே. மருதமுனை நெசவாளி தறியைவிட்டு எழும்போது, அறுந்த இழையை முடிந்துவிட்டே எழுவார். வேறொருவர் வந்து அமர்ந்தாலும் சேலை கெடாது. சேலைக்குத் தருகின்ற கவனத்தை உயிருக்குத் தரலாகாதா?

இனி நம்மிடையே இன்று நடப்பதைப் பார்ப்போம். என்னிடம் உயர்தர வகுப்பில் பயின்று, இன்று தாதியாகப் பணிபுரியும் மாணவி ஒருத்தி பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். உம்மாவின் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்குள்ள ஒரு வட்ஸ்அப் குழு இருக்கு சேர். முறை முடிஞ்சி வீட்ட வந்தாலும் அதுலதான் சொல்லுவம். போனும் எங்கடது, டேட்டாவும் எங்கடது. ஆனா அதுல போட்டது கணக்கில்ல. பிழை வந்தா மட்டும் கணக்கு." ஒரு சமுதாயம் தன் வைத்தியசாலைகளை எவ்வாறு நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறர் கண்டுபிடித்துத் தரும்வரை தாதியர் காத்திருக்கவில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். தம் சம்பளத்தில் வாங்கிய கைத்தொலைபேசியைக் கொண்டு, அரசு செய்யத் தவறியதை அவர்கள் செய்துகொண்டிருக்கின்றனர். ஆயினும் இது பாராட்டிவிட்டுப் போகும் காரியமன்று. நோயாளியின் அந்தரங்கம் ஒரு தனியார் கம்பனியின் குழுவில் உலவுவது ஆபத்து. ஸ்கொத்லாந்தின் லனாக்ஷயர் பகுதியில், 2020 முதல் 2022 வரை 26 சுகாதாரப் பணியாளர்கள் இத்தகைய குழுவொன்றில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தடவைகள் நோயாளர் விபரங்களைப் பதிந்தமைக்காக, 2023 இல் அப்பகுதிச் சுகாதார சபை தகவல் ஆணையாளரால் கண்டிக்கப்பட்டது. அங்கே கண்டனம் சபைக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. நாளை அச்சட்டத்தின் பெயரால் விளக்கக் கடிதம் வருமாயின், அது மீண்டும் அந்த இளம் தாதியின் பெயருக்கே வரும் என்று அஞ்சுகிறேன்.

வைத்தியர் எந்நேரமும் அழைப்புக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவும், அதனால் நேரும் இடையூறுக்காகவும், போக்குவரத்துக்காகவும் அரசு அவருக்கொரு கொடுப்பனவு வழங்குகிறது. 2024 ஜனவரியில் அது 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டது. தமக்கும் அது வேண்டுமென்று ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அவ்வாண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நோயாளிகளைத் தவிக்கவிட்ட சுயநலம் என்று நம் படித்த வட்டாரங்கள் அதைப் பழித்தன. வைத்தியர் தொடர்பில் இருப்பதற்கு விலை உண்டு. தாதி தொடர்பில் இருப்பது தியாகம்! தியாகம் என்ற சொல்லைப் பெண்களின் உழைப்பின்மேல் போர்த்தி, கூலியை மறைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன தந்திரம்.

அடுத்தது மொழி. நோயாளியின் குறிப்பேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. நோயாளி பேசுவது தமிழ். கல்முனையில் ஒரே பிரதான வீதியில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருந்தும், கடும் நோயென்றால் மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுகிறோம். அக்கரைப்பற்றிலோ நிந்தவூரிலோ பிறந்து வளர்ந்த மூதாட்டி, கண்டியின் விடுதியொன்றில் தன் வலியைக் கைச்சாடையால் உணர்த்துகிறார். 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் விதைத்ததை 1987 இன் 13 ஆவது திருத்தம் தாளில் திருத்தியது. தமிழும் அரசகரும மொழியாயிற்று. கட்டிலருகே அது இன்னும் வந்து சேரவில்லை. சிங்களப் பிரதேசத்திலிருந்து வரும் தாதி நம் பகைவரல்லர். அவர் அனுபவிக்கும் தவிப்பும் நம்முடையதே. "வலி எங்கே?", "மூச்சு முட்டுகிறதா?", "ஊசி போட்டாயிற்றா?" என்ற சில நூறு வசனங்களை இரு மொழிகளிலும் எழுத்தாகவும் குரலாகவும் தரும் ஒரு கருவியை உருவாக்குவது இன்று பெரும் விஞ்ஞானமன்று. விருப்பமின்மையே தடை.

ஏழை நாடு என்ற சாக்கினையும் இங்கு ஆராய்வோம். நிறவெறி ஆட்சி வீழ்ந்த காலத்துத் தென்னாபிரிக்காவில் மக்கள் சுகாதாரத்துக்கென உருவாகி, பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளுக்கு உரிமைக் கட்டணம் கிடையாது. 2020 இன் தொடக்கத்தில் கொவிட் நோய் உலகை நெருங்கியபோது, இலங்கையர் குழுவொன்று சுகாதார அமைச்சோடு இணைந்து, விமான நிலையத்துக்கு வருவோரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அம்மென்பொருளில் சில நாட்களில் அமைத்தது. பிற நாடுகள் பல அதைப் பின்பற்றின. நம்மால் முடியாதது இதில் ஒன்றுமில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்தால், கம்பனிகளின் விலைப்பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஏழ்மையை மறந்து கருவி செய்யவும் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாடு இது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தபோது இத்தீவில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. மின்சாரம் போனாலும் அலைவரிசை அறுந்தாலும் முறைமாற்றம் நிற்கலாகாது; திரைக்குப் பின்னால் காகிதம் எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும். பழையதென்று எள்ளப்படும் கருவியும் சிலவேளை பயனுடையது. பிரித்தானிய வைத்தியசாலைகளில் ஏறக்குறைய 130,000 பேஜர்கள் புழக்கத்தில் இருந்ததாகவும், 2021 இறுதிக்குள் அவற்றைக் கைவிடவேண்டுமென்றும் அந்நாட்டு அரசு 2019 இல் அறிவித்தது. வளர்ந்த நாடு அத்தனை காலம் அப்பழங்கருவியைப் பற்றி நின்றதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. கைத்தொலைபேசி அலை எட்டாத மூலையிலும் அது ஒலித்தது.

"தாதியரும் தவறு செய்கிறார்களே, நோயாளிகளிடம் எரிந்து விழுகிறார்களே" என்று கூறுவோர் உண்டு. உண்மை, நானும் கண்டிருக்கிறேன். ஐம்பது மாணவரைக் கொண்ட வகுப்பில் ஆறாவது பாடவேளையில் நானும் எரிந்து விழுந்திருக்கிறேன். அதற்காக என் குரலை உயர்த்த ஓர் ஒலிபெருக்கி வாங்கித் தருவது தீர்வாகுமா? இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தி செய்யும்போது, அவள் கையில் கொடுக்கப்படும் கருவி மூன்றாவது வேலையாகவே அமையும். நோயாளியைத் தொடவேண்டிய கை திரையைத் தட்டிக்கொண்டிருக்கும். கருவி ஆட்குறைப்புக்குச் சாக்காகுமானால் அதை எதிர்ப்பதே முற்போக்கு.

ஆகவே நாம் கோரவேண்டியவை இவை. தாதியர்க்கிடையேயான எந்தச் செய்திக்கருவியும் தாதியரின் பிரதிநிதிகள் சமமாக அமர்ந்த குழுவிலே தீர்மானிக்கப்படவேண்டும். ஓராண்டு கழித்து அதை வேண்டாமென்று கூறும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவேண்டும். கருவியும் அதற்கான செலவும் அரசினுடையவை; தாதியின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் போகலாகாது. தமிழும் சிங்களமும் அதில் முதல்நாளிலிருந்தே இருக்கவேண்டும். முறைமாற்றத்துக்குக் குறுக்கீடற்ற நேரமும், இரு முறைகளும் ஒன்றன்மேலொன்று படியப் போதிய ஆட்களும் வேண்டும். பதிவாகும் செய்தி நோயாளியைக் காக்கவே பயன்படவேண்டும். தாதியைத் தண்டிக்கும் சாட்சியமாக அது மாறுமாயின், மறுநாளிலிருந்தே எவரும் உண்மையைப் பதியமாட்டார்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! நாம் பயிற்றும் பெண்பிள்ளைகளே நாளை அந்த விடுதிகளில் நிற்கப்போகின்றனர். நம் ஊர்களில் ஒரு முஸ்லிம் பெண் இரவுமுறைக்குப் போவதற்கு வீட்டிலும் தெருவிலும் எத்தனை சொற்களைத் தாண்டவேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். அவ்வளவையும் தாண்டிச் சென்றவளின் சொல்லை வைத்தியசாலையில் கேட்பாரில்லையெனில், அவளை நாம் படிப்பித்தது எதற்காக? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் இக்கோரிக்கைகளை எழுப்புவோம். வைத்தியசாலைக்குப் பொறி வாங்கித் தருவதாக அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், அதைத் தெரிவு செய்த குழுவில் எத்தனை தாதியர் இருந்தனர் என்று கேட்போம்.

உம்மா இப்போது நலமாக இருக்கிறார். அந்தச் சிங்களப் பிள்ளையை அவர் மறக்கவில்லை. "அவள் என்ன செய்வாள் மகன், நான் சொன்னது அவளுக்கு விளங்கல்ல" என்று கூறுவார். விளங்காமற் செய்தவர்கள் இன்னும் விளக்கம் தரவில்லை.